ஏட்டைக் காப்பது எது?

ஏட்டுச் சுவடி என்றதும் தமிழராகிய நம் மனக்கண்முன் தோன்றுவது எது? பழுப்பேறிய பனையோலைக் கட்டு. ஓலையில் ஒரு துளை. துளையிற் கோத்த கயிறு. ஓலை முழுவதும் எறும்பு வரிசைபோல் இடைவெளியின்றி ஓடும் எழுத்து. அதில் வண்ணம் இல்லை, உருவம் இல்லை, புள்ளிகூட இல்லை. எழுத்தாணியின் முனை ஓலையைத் துளைத்துவிடும் என்று அஞ்சி, மெய்யெழுத்துக்குரிய புள்ளியையும் நம் முன்னோர் விட்டு எழுதினர். எழுத்தன்றி வேறோர் அணியையும் அறியாதது தமிழ் ஏடு.

பிழைப்பை நாடித் தாயகம் விட்டு வந்து, பாலிகஞ்சிலும் லேக் மார்க்கெட்டைச் சுற்றிலும் குடியமர்ந்த நம்மவர்க்கு, முற்றிலும் வேறான ஏடுகள் அணித்தே உள்ளன. எழுத்தின் நடுவே தாமரைமேல் அமர்ந்த தாரையும், கையில் நீலோற்பலம் ஏந்திய போதிசத்துவரும், போதி மரத்தடியில் நிலம் தொட்டு அமர்ந்த புத்தரும் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாய் ஒளிரும் ஏடுகள் அவை. ஆயிரம் ஆண்டு கடந்தும் அவற்றின் வண்ணம் மங்கவில்லை. அவ்வேடுகளில் ஓவியம் ஏன் வந்தது? நம் ஏடுகளில் ஏன் வரவில்லை? அவ்வோவியத்தால் ஏட்டுக்கு விளைந்த நன்மை யாது? இவற்றைச் சிறிது ஆராய்வோம். ஆராய்ச்சி நம் வீட்டுப் பரணிலும் பூசை அறையிலும் உறங்கும் ஏட்டுக் கட்டில் வந்து நிற்கும் என்பதையும் முன்னரே சொல்லிவிடுகிறோம்.

ஓவியச் சுவடி என்பது ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய கலையன்று. ஐரோப்பியத் துறவிமடங்களில், விலங்கின் தோலைப் பதப்படுத்திய ஏட்டில் மறைநூல்களைப் படியெடுத்து, முதலெழுத்துகளைக் கொடியும் பறவையும் விலங்குமாக வளைத்து வரைந்தனர். ஏறத்தாழ 800-ஆம் ஆண்டில் எழுந்த ‘கெல்ஸ்’ நூல் டப்ளின் நகரத்து டிரினிட்டி கல்லூரியில் இன்றும் உள்ளது. பிற்காலத்தார் ஏட்டில் பொன் தகட்டையே பதித்தனர். விளக்கொளியில் அது மின்னியமையால், மேனாட்டார் இந்நூல்களை ஒளியூட்டப்பெற்றவை என்று பொருள்படும் சொல்லால் வழங்கினர். பாரசீகத்தார் தாளில் அக்கலையை வளர்த்தனர். முகலாயர் அதனை நம் நாட்டுக்குக் கொணர்ந்து, நம் ஓவியர் கையில் ஒப்படைத்தனர்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு செய்தி தனியே இனிக்கிறது. அக்பர் மன்னர் 1580-களில் மகாபாரதத்தைப் பாரசீக மொழியில் பெயர்க்கச் செய்தார். வடமொழி வல்ல பண்டிதர்கள் பொருள் விரித்துரைக்க, பாரசீகம் வல்ல அறிஞர்கள் எழுதினர். ‘ரஸ்ம்நாமா’, அதாவது போர் நூல், என்று அதற்குப் பெயர் வந்தது. மொழிபெயர்ப்பு முடிந்ததும் அரண்மனை ஓவியர்கள் அதற்கு ஓவியம் தீட்டினர். தாம் படித்தறியாத மொழியின் காவியத்தை அவ்வரசவையினர் தம் மொழியிற் கேட்டு, தம் கண்ணாற் கண்டனர். அந்நூலின் ஓவியப் படிகளுள் 1605-ஆம் ஆண்டுக்குரிய ஒன்று, பாலிகஞ்சை அடுத்துள்ள சதர்ன் அவென்யூவின் பிர்லா கலை பண்பாட்டுக் கழகத்தின் தொகுப்பில் உள்ளது. இச்சாலையில் மாலையில் உலவும் நம்மவருள் எத்துணைப் பேர் இதனை அறிவர்?

இனி, தாளுக்கும் முற்பட்ட ஓலைக்கு வருவோம். பார்க் தெருவில் உள்ள ஆசியவியல் கழகம், அதாவது ஏஷியாட்டிக் சொசைட்டி, 1784-ஆம் ஆண்டு வில்லியம் ஜோன்ஸ் என்பவரால் நிறுவப்பெற்றது. அங்குப் பேணப்படும் பௌத்த நூல்களுள் ‘அஷ்டசாகஸ்ரிகா பிரஜ்ஞாபாரமிதா’ என்பதன் ஓவியச் சுவடிகள் புகழ்பெற்றவை. எண்ணாயிரம் கிரந்த அளவுடைய ஞானநூல் என்பது அப்பெயரின் பொருள். அவற்றுள் ஒன்று 1071-ஆம் ஆண்டில் நேபாளத்தில் எழுதப்பெற்றது. மற்றொன்று அதனினும் பழையது. அது நாலந்தாவில், பால வேந்தன் மகிபாலன் ஆட்சியின் 6-ஆம் ஆண்டில், அதாவது பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பெற்றது.

மகிபாலன் என்னும் பெயர் தமிழர்க்குப் புதிதன்று. கங்கைவரை படை செலுத்திய முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில், சோழப் படையின்முன் தோற்றோடியவனாகக் குறிக்கப்பெறும் மன்னன் இவனே. வென்றவனுக்குக் கங்கைகொண்டான் என்ற பெயர் நின்றது. தோற்றவன் காலத்து நாலந்தா எழுத்தாளன் எழுதிய ஓலையோ இன்றும் கொல்கத்தாவில் நின்று நிலவுகிறது. வெற்றியும் தோல்வியும் காலத்தின்முன் எவ்வாறு சமனாகின்றன, பாருங்கள்!

அவ்வோலைகளை எவ்வாறு ஆக்கினர்? வங்கத்தாரும் நேபாளத்தாரும் பெரிதும் எடுத்துக்கொண்டது நம் பனைமரத்து ஓலையன்று, தாளிப்பனையின் ஓலை. குடைபோல் விரியும் அம்மடலின் ஓலை, பனையோலையினும் மெல்லியது, அகன்றது, வளைந்து கொடுப்பது. அதனை ஒன்றரை அடிக்கு மேற்பட்ட நீளமும் இரண்டரை அங்குலத்துக்கு உட்பட்ட அகலமுமாக நறுக்கினர். அதன்மேல் அவர்கள் எழுத்தாணியை ஓட்டவில்லை. மையில் தோய்த்த எழுதுகோலால் எழுதினர். எழுதுவோன் வரிகளுக்கு இடையே சதுரமான இடங்களை விட்டுச் செல்வான். ஓவியன் பின்னர் வந்து அவ்விடங்களை நிரப்புவான். மஞ்சளுக்கு அரிதாரம், சிவப்புக்குச் சாதிலிங்கம், நீலத்துக்கு அவுரி, கறுப்புக்கு விளக்குப் புகைக்கரி, பச்சைக்கு அவுரியும் அரிதாரமும் சேர்ந்த கலவை என்பன அவன் கைப்பொருள். உள்ளங்கையினும் சிறிய அவ்விடத்துக்குள் ஒரு கோயிலும், கோயிலுள் தெய்வமும், இருபுறம் அடியவரும், மேலே தென்னையும் மாவும் தோன்றச் செய்தான் அவன்.

தமிழ்நாட்டு வழி வேறு. நாம் ஓலைமேல் எழுதவில்லை, ஓலையைக் கீறினோம். பதப்படுத்திய ஓலையை இடக்கையில் ஏந்தி, இடப் பெருவிரல் நகத்தின் துணைகொண்டு இரும்பு எழுத்தாணியை நடத்தி, பின்னர் கோவையிலைச் சாறும் கரியும் மஞ்சளும் தடவி எழுத்தைத் தெளிவாக்கினோம். இதற்கு மையாடல் என்று பெயர். கீறிய எழுத்து நனைந்தாலும் கரையாது. மேலே தடவிய மை அழிந்தாலும் மீண்டும் தடவிப் படிக்கலாம். மழைமிக்க நாட்டுக்கு அது தகுந்த வழியே. ஆயினும் வண்ணத்துக்கு அது இடந்தரவில்லை. கீறலாற் கோடு வரும். வண்ணப் பரப்பு வாராது. கலிங்க நாட்டார், அதாவது ஒடிசா மாநிலத்தார், எழுத்தாணியாலேயே நுண்ணிய கோட்டோவியங்களைக் கீறி அதிலே தலைசிறந்தனர். இலங்கையிலோ, தாளிப்பனை ஓலையிலும் எழுத்தாணியாலேயே எழுதினர். வண்ணத்தை ஏட்டின்மேற் கட்டும் மரச்சட்டத்துக்கு ஒதுக்கினர். ஆகவே ஓவியத்தை வரவேற்றதும் விலக்கியதும் ஓலை மட்டுமன்று. அதன்மேல் ஓடிய கருவியே.

இதனால், தமிழர்க்கு ஓவியம் தெரியாது என்று எவரும் எண்ணிவிடலாகாது. நாலந்தாவில் உள்ளங்கை அகல ஓவியம் எழுந்த அதே தலைமுறையில், 1010-ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த சுவர்களில், சுந்தரர் கயிலை செல்லும் காட்சியும் திரிபுரம் எரித்த பெருமான் கோலமும் ஆளுயரத்துக்கு மேல் எழுந்தன. நாயக்கர் காலத்து ஓவியத்தின்கீழ் மறைந்து கிடந்த அச்சோழர் ஓவியங்கள் 1931-ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பெற்றன. தமிழன் தூரிகையைச் சுவருக்கும் எழுத்தாணியை ஓலைக்கும் பங்கிட்டான். வங்கத்தான் இரண்டையும் ஓர் ஓலையிலே கூட்டினான். வேற்றுமை அவ்வளவே. பிற்காலத்தில் தாள் பரவிய பின், தஞ்சை மராட்டியர் அவையில் யானை, குதிரை பற்றிய நூல்கள் வண்ணப் படங்களுடன் எழுந்தன. அவை தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன.

இப்பொழுது நம் முதல் வினாவின் உட்பொருளுக்கு வருகிறோம். நாலந்தாவின் ஓவியன் எதற்காக ஓவியம் தீட்டினான்? நூலின் பொருளை விளக்குவதற்கா? இல்லை. இங்கே வியப்பான ஒன்று உள்ளது. அந்த ஞானநூல் நுண்ணிய தத்துவத்தைப் பேசுகிறது. ஓவியங்களோ புத்தரின் பிறப்பையும், மாரனை வென்றதையும், பரிநிருவாணத்தையும், காக்கும் தேவியரையும் காட்டுகின்றன. எழுத்துக்கும் படத்துக்கும் பெரும்பாலும் நேர்த்தொடர்பு இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள 1015-ஆம் ஆண்டின் சுவடியில், ஒவ்வோர் ஓவியத்தின் அருகிலும் ஒரு திருத்தலத்தின் பெயர் உள்ளது. சிங்களத் தீவும் சாவகமும் அவற்றுள் அடங்கும். மணிமேகலை கடல் கடந்து சென்ற சாவகம் என்றால் தமிழ் நேயர்க்கு உடனே விளங்கும். பௌத்த உலகின் திருத்தலங்களையெல்லாம் ஒரு கட்டுக்குள் அடக்கி வைத்தான் அவ்வோவியன்.

ஆகவே அவ்வோவியம் நூலுக்கு உரையன்று, நூலுக்குக் காப்பு. ஊரின் எல்லையிலே காவல் தெய்வத்தை நிறுத்துவதுபோல, ஏட்டின் நடுவிலும் ஓரத்திலும் தெய்வங்களை நிறுத்தினர். அந்நூலே, தன்னை ஏட்டில் எழுதி மலரும் நறும்புகையும் இட்டு வழிபடுவோர் பெறும் பேற்றைப் பெரிதும் பேசுகிறது. அவ்வகைச் சுவடிகளின் மரச்சட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தடவிய சந்தனமும் குங்குமமும் படிந்திருப்பதை அறிஞர் கண்டுள்ளனர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் ஆசுதோஷ் அருங்காட்சியகத்தில் ‘பஞ்சரக்ஷா’ என்னும் நூலின் 1105-ஆம் ஆண்டு ஓவியச் சுவடி உள்ளது. ஐந்து காவல் தேவியரின் மந்திரங்களைக் கூறும் நூல் அது. காப்பு என்னும் கருத்து அதன் பெயரிலேயே விளங்குகிறது.

ஏட்டைத் தெய்வமாக வழிபடுவது நமக்கும் அயலன்று. நவராத்திரியில் நாம் நூல்களை அடுக்கிச் சந்தனமிட்டுச் சரசுவதியை வழிபடுகிறோம். நம் வங்கத்து அண்டை வீட்டாரோ தை, மாசியில் வரும் வசந்த பஞ்சமியில் அதனைச் செய்கின்றனர். இரு நாட்டிலும் அன்று நூலைத் திறந்து படிப்பதில்லை.

அவ்வழிபாட்டின் நன்மையையும் தீமையையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1200-ஆம் ஆண்டையொட்டி நாலந்தாவும் விக்கிரமசீலையும் அழிந்தன. நூல்நிலையங்கள் பாழாயின. உயிர் பிழைத்த துறவிகள் நேபாளத்துக்கும் திபெத்துக்கும் சென்றனர். சென்றவர் தோளிற் சுமந்தவை இத்தகைய ஏடுகளே. நேபாள விகாரங்களிலும் இல்லங்களிலும் அவை பூசைப் பொருளாகப் பல நூற்றாண்டு இருந்தன. எழுத்தைப் படிக்க அறியாதவரும் ஓவியத்தைக் கண்டு கைகூப்பினர். கைகூப்பியவர் அதனை எறியத் துணிவரோ? இவ்வாறு ஓவியம் ஏட்டைக் காத்தது. 19-ஆம் நூற்றாண்டில் காத்மாண்டுவில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த ஹாட்ஜ்ஸன் என்பவர் அச்சுவடிகளைத் திரட்டிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். இராஜேந்திரலால் மித்ரா என்னும் வங்கப் பேரறிஞர் அவற்றை ஆராய்ந்து, 1882-இல் விளக்கப் பட்டியல் வெளியிட்டார். 1888-இல் அவர் பதிப்பித்த அஷ்டசாகஸ்ரிகா அச்சில் வந்தது.

அதற்கு முந்தைய ஆண்டாகிய 1887-இல் சென்னையில் நிகழ்ந்தது யாது? உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். கங்கைக் கரையிலும் தென்னாட்டிலும் ஒரே காலத்தில் இரு பெருமக்கள் ஓலையிலிருந்து நூலை மீட்டனர். ஆனால் அவர்கள் கண்ட உலகம் வேறு வேறு. ஐயர் தேடிச் சென்ற இல்லங்கள் பலவற்றில் ஏடு எஞ்சவில்லை. ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவை சில. செல்லுக்கு இரையானவை பல. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில், பழைய ஏடுகளை ஆகமம் கூறுகிறதென்று நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டனர் என்று கேட்டு அவர் நெஞ்சு பதைத்ததைத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அத்தீயை மூட்டியதும் பக்தியே என்பதை நாம் மறக்கலாகாது. நேபாளத்தில் ஏட்டைக் காத்த பக்தி, இங்கே ஏட்டை எரித்தது.

அப்படியானால் தமிழ் ஏட்டில் ஓவியம் இருந்திருந்தால் பிழைத்திருக்குமோ என்று கேட்கத் தோன்றும். அவசரப்படாமல் இன்னும் ஒரு சான்றைப் பார்ப்போம். வங்க மொழியின் மிகப் பழைய பாடல்களெனப் போற்றப்படும் சரியாபதங்கள் வங்கத்தில் ஒருவர் வீட்டிலும் கிடைக்கவில்லை. ஹரப்பிரசாத் சாஸ்திரியார் 1907-இல் நேபாள அரண்மனை நூலகத்திலே அவற்றின் ஓலைச் சுவடியைக் கண்டெடுத்தார். 1916-இல் அவை நூலாயின. அச்சுவடி ஓவியத்தின் புகழால் நின்றதன்று. பெற்ற நாடு இழந்ததைப் பிற நாடு காத்தது. பிற நாடு காத்ததைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வந்து மீட்டார். ஓவியம் ஏட்டைப் பொறுத்து வைக்கும். அதற்கு உயிர் தருவதோ, படிக்க விரும்பும் ஒருவரின் கண்ணே. மித்ராவும் சாஸ்திரியாரும் சாமிநாதையரும் வாராதிருந்தால், வண்ண ஏடும் வண்ணமற்ற ஏடும் ஒருங்கே ஊமையாகத்தான் இருந்திருக்கும்.

இத்தகைய கண் படைத்த ஒருவரின் பெயரைப் பாலிகஞ்சின் சாலை ஒன்று தாங்கி நிற்கிறது. குருசதய் சாலை என்று நாள்தோறும் சொல்லிச் செல்கிறோமே, அதற்குப் பெயர் தந்த குருசதய் தத்தர் இந்தியக் குடிமைப் பணியாளராக (ஐ.சி.எஸ்.) வங்க மாவட்டங்களில் இருந்தவர். 1882-இல் பிறந்து 1941-இல் மறைந்தவர். அலுவல் காரணமாகச் சிற்றூர் சென்றபோதெல்லாம், படச்சுருள், கந்தைத் துணியில் தைத்த கந்தா, மரப்பாவை, சுடுமண் சிற்பம் என்று மக்கள் கலைப் பொருள்களைத் திரட்டினார். சுவடிகளின் மேற்கட்டும் ஓவிய மரச்சட்டங்களும் அவற்றுள் அடங்கும். வங்காளிகள் அச்சட்டத்தைப் ‘பாட்டா’ என்பர். பிற்கால வைணவச் சுவடிகளில் உள்ளே தாளில் வெறும் எழுத்தே இருக்கும். மேற்சட்டத்திலோ தசாவதாரமும் கண்ணன் லீலையும் விளங்கும். உள்ளிருந்த தாள் போனபின், சட்டம் மட்டும் எஞ்சிய இடங்கள் பல. வாசல் நின்று வீடு போனது போன்றது அது. தத்தர் திரட்டியவை நகரின் தென்மேற்கே ஜோக்காவில் உள்ள அருங்காட்சியகத்தில் வைக்கப்பெற்று, 1963 முதல் மக்கள் பார்வைக்கு வந்தன. எந்தக் கலைப்பட்டமும் தேடாமல், அலுவலோடு அலுவலாக ஓர் அரசு ஊழியர் செய்த பணி இது. நம்முள்ளும் அரசு ஊழியர் பலர் உள்ளனர்.

வெளி மாநிலம் வந்த தமிழர் இல்லங்கள் சிலவற்றில், ஊரிலிருந்து கொணர்ந்த ஏட்டுக் கட்டு ஒன்று இருக்கலாம். பாட்டனாரின் வைத்திய ஏடோ, சோதிட ஏடோ, தேவாரமோ, நிலக் கணக்கோ, யாதென்று எவருக்கும் தெரியாது. பெரியோர் மஞ்சள் தடவிப் பூசை அறையில் வைத்தனர்; அடுத்த தலைமுறை அவிழ்க்க அஞ்சியது; அதற்கடுத்த தலைமுறையோ வங்கமும் ஆங்கிலமும் படிக்கிறது, தமிழைப் பேசுவதோடு நிறுத்திக்கொள்கிறது. வீடு மாற்றும் ஒருநாள், இது எதற்கு என்ற கேள்வி எழும். அக்கேள்விக்கு விடை சொல்ல அந்த ஏட்டில் ஓவியம் இல்லை. விடை சொல்ல வேண்டியவர் நாமே.

செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. வங்கத்து மழைக்காலத்தின் ஈரம் ஓலைக்குப் பகை. ஆதலின் ஏட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். நெகிழிப் பையில் பொதிதல் ஆகாது. சாயமற்ற தூய பருத்தித் துணி போதும். துணியோடு வசம்பு வைப்பது நம் முன்னோர் முறை. ஒட்டிக்கொண்ட ஓலைகளை வலிந்து பிரித்தலும், கிழிந்ததைப் பசைத்தாளால் ஒட்டுதலும், கண்ட எண்ணெயைத் தடவுதலும் கேடு. ஏடு முறிந்துவிடும் நிலையில் இல்லையேல், ஒவ்வோர் ஓலையையும் இருபுறமும் வரிசை மாறாமல், அருகே ஓர் அளவுகோலை வைத்துக் கைபேசியிற் படம் எடுத்துக்கொள்ளலாம். பின்னர் அதனைப் படிக்க வல்லாரிடம் காட்டுதல் வேண்டும். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம், உ. வே. சாமிநாதையர் நூலகம், தஞ்சைச் சரசுவதி மகால், தமிழ்ப் பல்கலைக்கழகம் ஆகியவை இப்பணிக்கு உரிய இடங்கள். நாடெங்கும் உள்ள சுவடிகளைக் கணக்கெடுக்கும் தேசியப் பணியையும் நடுவண் அரசு 2003-இல் தொடங்கியது. ஏட்டைக் கொடுக்க மனமில்லாதவர் அதன் படத்தையேனும் கொடுக்கலாம். அது வெறும் கணக்கு ஏடாக இருந்தால் என்ன? ஓர் ஊரின் நெல் விலையும் நீர்ப் பங்கீடும் அதில் இருக்கக்கூடும்.

நாலந்தாவின் ஓவியன் தன் ஏட்டின் நாற்புறமும் காவல் தெய்வங்களை நிறுத்திவிட்டுச் சென்றான். நம் முன்னோர் எழுத்தை மட்டும் எழுதி, காவலை நம்மிடம் விட்டுச் சென்றனர். வீட்டுச் சிறுவன் ஒருவனை அருகில் அமர்த்தி, அவ்வோலையின் முதல் வரியை ஓர் எழுத்தாகிலும் கூட்டிப் படிக்கச் செய்வோமானால், அந்த ஏட்டுக்கு வேறு காப்பு வேண்டுவதில்லை.